கடைசியிலிருந்து நான்காவது

காலை 9.10.

மொழிப் பயிற்சி நிலையத்தின் நிர்வாகி இரும்பு பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் வினாத்தாள் கவர் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இருக்க வேண்டிய நிலையில் இல்லை. வாய்மடிப்பில் ஒட்டியிருந்த காகித முத்திரை ஈரம் பட்டுக் காய்ந்து, ஒரு ஓரம் சுருண்டு நின்றது. நேற்று மாலை அவர் தன் கையாலேயே போட்ட மெல்லிய சிவப்பு ரப்பர் பேண்டைக் காணோம். அதன் இரண்டு துண்டுகள் பீரோவின் காலடியில் கிடந்தன. கவரைச் சுற்றி இப்போது தடித்த நீல ரப்பர் பேண்டு ஒன்று இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியும் அதற்குப் பிடிப்பு வரவில்லை. வேலையை ராஜினாமா செய்துவிட்ட ரப்பர் பேண்டு போல் தொளதொளவென்று கிடந்தது.

நிர்வாகி கத்தலாம் என்று நினைத்தார். அதற்கு முன் கதவைச் சாத்த வேண்டும் என்று நினைத்தார். சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் கத்தும் வேகம் போய்விட்டது. போலீசுக்குப் போன் செய்தார்.

கவருக்குள் இருந்தது ஒரே தாள். இத்தாலிய மொழி வாய்மொழித் தேர்வுக்கான முப்பது வினைச்சொற்கள். ஒவ்வொன்றையும் அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் எந்த அசையில் விழுகிறதோ அங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மொழியில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய சமமாகவே நடத்துகிறோம். அந்த மொழியில் அப்படி இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அசைதான் மாப்பிள்ளை. மற்றவை எல்லாம் கல்யாணத்துக்கு வந்த கூட்டம். மாப்பிள்ளையை விட்டுவிட்டு வேறு யாருக்காவது மாலையைப் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

தேர்வு மதியம் பன்னிரண்டுக்கு. எழுதுபவர்கள், அதாவது வாயால் எழுதுபவர்கள், மூன்று பேர்.

காலை 9.50.

பெண் இன்ஸ்பெக்டர் படியேறி வந்தார். நிலையம் இரண்டாவது மாடியில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே. முப்பத்தாறு படிகள். அவருக்கு எண்ணும் பழக்கம் கிடையாது. வலது முழங்காலுக்கு உண்டு. மூன்று நாட்களாக ஒரு ஊர்வலப் பாதுகாப்பில் நின்று, நேற்று ஒரு கார் திருட்டில் அலைந்து, இன்று காலைதான் வீட்டில் உட்காரலாம் என்று இருந்தார். வினாத்தாள் கவர் திறந்திருந்தால் போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனால்தான் ஆயிற்று என்பது தேர்வு வாரியத்தின் விதி. விதியை எழுதியவருக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

உட்கார நாற்காலி கேட்டார். வகுப்பறை நாற்காலி ஒன்றைக் கொடுத்தார்கள். வலப்பக்கம் எழுதுபலகை வைத்தது. அதில் சாயவும் முடியாது, காலை நீட்டவும் முடியாது. பாடம் மட்டும் படிக்கலாம்.

"கவர் எப்ப வந்தது?" என்றார்.

"நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு மேடம்," என்றார் நிர்வாகி. "நானே வாங்கி, நானே ரப்பர் பேண்டு போட்டு, நானே உள்ள வெச்சுப் பூட்டினேன்."

"சாவி?"

"பத்திரமா இருக்கும்."

"எங்க?"

"காலண்டருக்குப் பின்னாடி ஆணியில."

"யாருக்குத் தெரியும்?"

நிர்வாகி சற்று யோசித்தார். "தெரியாதவங்கன்னு பார்த்தா... நீங்க மட்டும்தான் மேடம். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

நேற்று மாலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை வகுப்பு நடந்திருக்கிறது. ஆறே முக்காலுக்கு நிர்வாகி வெளிக்கதவைப் பூட்டியிருக்கிறார். இன்று காலை ஒன்பதுக்கு அவரே திறந்திருக்கிறார். கவரைத் திறந்தவர் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நிர்வாகி எங்கே இருந்தார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அலுவல் விஷயமாகக் கீழே போயிருந்ததாகச் சொன்னார். என்ன அலுவல் என்று கேட்டார். கண்ணாடிக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாராம்.

"அப்ப இந்த மாடியில இருந்தது?"

"மூணு ஸ்டூடன்ட்ஸ்."

"மூணு பேர்தானா?"

"மூணு பேர்தான் மேடம். இத்தாலிய வகுப்புக்கு அவ்வளவுதான் வருவாங்க."

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார்.

காலை 10.05.

வகுப்பறையில் நால்வர் இருந்தார்கள். மாணவர்கள் மூவரும் ஆசிரியரும்.

ஆசிரியருக்கு ஐம்பது வயது. பதினோரு வருடமாக இங்கே இத்தாலியம் கற்பிக்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அழுத்தம் சார். டாக்டரும் அவருக்கு அதைத்தான் சொல்லியிருந்தார்.

"என்ன பரீட்சை சார் இது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆசிரியரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. வெறுமையாக வெளியே வந்தது. "சிஸ்டர், உங்களோடதைக் கொஞ்சம் குடுங்க," என்று பக்கத்தில் இருந்த மாணவியான நர்ஸிடம் கேட்டார்.

நர்ஸ் தன் மணிக்கட்டிலிருந்து ஒரு நீல ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார். ஆசிரியர் அதை இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டிக்கொண்டார். "மாணவர்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்கு மேடம். சும்மா அசைக்கு சும்மா இருக்கணும். அழுத்தம் விழற அசைக்கு இழுக்கணும். 'பேசறாங்க'ங்கறதுக்கு, பார்... ல... னோ."

'பார்' என்றபோது அகல இழுத்தார். ரப்பர் பேண்டு கட்டைவிரலை விட்டுத் தாவி, இன்ஸ்பெக்டரின் தேநீர் தம்ளருக்குள் விழுந்தது.

"ஸாரி மேடம். கொஞ்சம் டைட்டா இருக்கு."

இன்ஸ்பெக்டர் தம்ளரைப் பார்த்தார். மூன்று நாளில் நிம்மதியாகக் குடிக்கக் கிடைத்த முதல் தேநீர் அது. ரப்பர் பேண்டை எடுத்து உதறி நர்ஸிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடித்தார்.

"இந்த அசை எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"'அவங்க செய்யறாங்க'ன்னு வர்ற சொல்லுக்கு சுலபம் மேடம். கடைசியிலிருந்து மூணாவது அசை. கண்ணை மூடிட்டு மூணாவது," என்றார் ஆசிரியர். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். உதாரணத்துக்கு மூடியதா, களைப்பில் மூடியதா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்.

காலை 10.20. பேக்கரிக்காரர்.

நாற்பது வயது. தன் மச்சான் அந்த நாட்டில் ரொட்டிக் கடை வைத்திருப்பதால் படிக்கிறார். உள்ளங்கைக் கோடுகளில் மைதா.

"நேத்து வகுப்பு நடுவுல வெளிய போனீங்களா?"

"போனேன். கை கழுவ."

"எத்தனை நிமிஷம்?"

"எங்க கையைக் கழுவணும்னா பத்து நிமிஷம் ஆகும் மேடம்."

"வேற யாரு போனா?"

"எல்லாரும்தான் ஒரு தரம் போனாங்க. சிஸ்டருக்கு போன் வந்தது, வராந்தாவுல நின்னு பேசுச்சு. தம்பி புகை பிடிக்கப் போச்சு. சார் சாக்பீஸ் எடுக்கப் போனாரு. பரீட்சைக்கு முந்தின நாள் யாருக்குத்தான் உட்கார முடியுது?"

"உங்க ரப்பர் பேண்டு?"

எடுத்துக் காட்டினார். நீலம். ஓரளவு தளர்ந்திருந்தது.

"வகுப்புல இதை எப்படிப் பண்ணுவீங்க?"

"சார் ஒரு தரம் இழுத்துக் காட்டுவாரு. அப்புறம் நாங்க ஒவ்வொருத்தரா இழுப்போம். ஒவ்வொருத்தர் முறைக்கும் சார் கூடவே இழுப்பாரு. எனக்கு இது ஒண்ணும் புதுசில்ல. மாவு இழுத்த கை."

காலை 10.30. தம்பி.

இருபத்தாறு வயது. நிர்வாகியின் அக்கா மகன். செருப்பு வடிவமைப்பு படிக்க அங்கே போகப் போவதாக மூன்று வருடமாக வீட்டில் சொல்லிவருகிறான். எல்லோரும் தம்பி என்றே அழைத்தார்கள்.

"உன் ரப்பர் பேண்டு?"

காட்டினான். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மேலே பூசிய வெள்ளைத் தூள்கூடப் போகவில்லை.

"மூணு மாசத்துல எத்தனை தடவை இழுத்த?"

"அது... மனசுக்குள்ள இழுத்துப் பார்ப்பேன் மேடம்."

"கேள்வித்தாளை நீ எடுத்தியா?"

"எடுத்திருந்தா மட்டும் என்ன பண்ணப் போறேன்? விடை வேணுமே. அதுக்கு யார்கிட்ட போறது?"

இன்ஸ்பெக்டர் அன்று காலை கேட்டவற்றில் நம்பும்படியான முதல் வாக்குமூலம் அது.

காலை 10.40. நர்ஸ்.

வயது முப்பத்திரண்டு. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். அந்த நாட்டு மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்து, கடிதமும் வந்துவிட்டது. மாத முடிவுக்குள் இந்தத் தேர்வின் சான்றிதழைக் காட்ட வேண்டும். இங்கே பார்த்த வேலையை விட்டாயிற்று. அந்த இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று.

"இன்னைக்குப் பரீட்சை நடக்கலேன்னா?"

"அடுத்தது ஆறு மாசம் கழிச்சு மேடம். அந்த வேலை ஆறு நாள்கூட நிக்காது." குரலில் அழுகை இல்லை. பதினான்கு மணி நேர ஷிஃப்டுகளில் வேலை செய்தவர்களுக்கு அழுகைக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கத் தெரியாது.

"உங்க ரப்பர் பேண்டு நல்லாவே தளர்ந்திருக்கே."

"தினம் சொல்லிப் பார்ப்பேன். பஸ்ல, வீட்ல, பாத்திரம் தேய்க்கிறப்போ. ஆனா இது ரெண்டாவது. முதல்ல வாங்கினது முதல் வாரமே அறுந்துபோச்சு. ஆபீஸ்ல கேட்டு இன்னொண்ணு வாங்கினேன்."

"நேத்து போன் யார்கிட்டேருந்து?"

"என் வீட்டுக்காரர். பாப்பாவோட ஸ்கூல் டை எங்கன்னு கேட்டார்."

இன்ஸ்பெக்டரின் சொந்தக் கைப்பேசி அப்போது அடித்தது. கணவர். ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்டார். "எங்க வெச்சீங்களோ அங்க," என்று சொல்லி வைத்துவிட்டு, "ம், சொல்லுங்க," என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரணை அதற்குப் பிறகு கொஞ்சம் இளகியது.

"வகுப்புல ஏதாவது சண்டை, சச்சரவு?"

"அதெல்லாம் இல்ல. போன வாரம் ஒண்ணு கேட்டேன், சார் கொஞ்சம் கோவப்பட்டார். அவ்வளவுதான்."

"என்ன கேட்டீங்க?"

"அந்த ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு அம்மா போன் பண்ணினாங்க. 'போன் பண்றாங்க'ங்கறதுக்கு தெ-லெ-ஃபோ-ன-னோன்னு சொல்லணும். சார் 'ஃபோ'வுல அழுத்தச் சொல்லித் தந்தார். அந்த அம்மா 'லெ'வுல அழுத்தினாங்க. எது சரின்னு கேட்டேன். அது அவங்க பக்கத்துப் பேச்சு வழக்குன்னார் சார்."

"நீங்க நம்பினீங்களா?"

"வாத்தியார் சொன்னா நம்பணுமில்ல மேடம். பதினோரு வருஷமா சொல்லித் தர்றார்."

காலை 11.15.

தேர்வு வாரியத்தின் பெண் தேர்வாளர் வந்தார். நரைத்த தலை, சக்கரம் வைத்த பெட்டி, ஒரு மணி ரயிலுக்கான பதற்றம். முப்பத்தாறு படிகளைப் பற்றி அவருக்கும் சொந்தமாகச் சில கருத்துகள் இருந்தன. சொல்லவில்லை.

கவரிலிருந்து தாளை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "யாரோ பென்சில்ல புள்ளி வெச்சிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். முப்பது சொற்களில் சிலவற்றுக்குப் பக்கத்தில் மட்டும், கடுகளவு புள்ளி. எண்ணினார். ஒன்பது.

"இந்த ஒன்பதுக்கும் என்ன ஒத்துமை மேடம்?"

தேர்வாளர் விரலால் வருடிக்கொண்டே போனார். போன் பண்ணுகிறார்கள், வசிக்கிறார்கள், விரும்புகிறார்கள், மறக்கிறார்கள். "அட. எல்லாம் ஒரே வகை. 'அவங்க செய்யறாங்க'ன்னு வர்ற சொல்லுக்குப் பெரும்பாலும் கடைசியிலிருந்து மூணாவது அசையில அழுத்தம் விழும். இந்த மாதிரி சிலதுக்கு மட்டும் ஒரு அசை முன்னாடி போயிடும். நாலாவது. தெ-லெ-ஃபோ-ன-னோ, 'லெ'வுல. ஆ-பி-த-னோ, 'ஆ'வுலயே. பசங்க தடுக்கி விழற இடம்."

நிர்வாகிக்கு முகம் மலர்ந்தது. "அப்ப முடிஞ்சுபோச்சு மேடம். இந்த நாலாவது சமாச்சாரத்தைக் கேட்டு வகுப்புல தகராறு பண்ணினது சிஸ்டர்தான். என் அக்கா பையனே சொன்னான். அதுவும் போக..." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காலி பிளாஸ்டிக் பையையும், ஒரே ஒரு நீல ரப்பர் பேண்டையும் எடுத்து வைத்தார். "நானே வாங்கினது. ஒரு பாக்கெட்ல ஆறு. பேக்கரிக்காரருக்கு ஒண்ணு. தம்பிக்கு ஒண்ணு. சிஸ்டருக்கு ரெண்டு. மிச்சம் இங்க ஒண்ணு. ஆக அஞ்சு. ஆறாவது கவர் மேல. ஒண்ணு அறுந்துபோச்சுன்னு ரெண்டு வாங்கின ஆள், மூணாவதையும் எடுத்திருக்காது?"

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இதுல ரெண்டே வழிதான். மாணவர்கள்ல யாராவது பார்த்திருந்தாலோ, பார்த்தது யாருன்னே தெரியலேன்னாலோ தேர்வு ரத்து. மூணு பேருக்கும். மாணவர்கள் பார்க்கலேன்னு உறுதியா தெரிஞ்சா, என்கிட்ட இன்னொரு கவர் இருக்கு, நடத்திடலாம். பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் எழுதுபலகை நாற்காலியில் உட்கார்ந்து நீல ரப்பர் பேண்டைக் கையில் எடுத்தார். கவர் மேல் இருந்த ரப்பர் பேண்டு. கட்டைவிரல்களில் மாட்டினார். இழுக்காமலே தொங்கியது. இழுத்துப் பார்த்தார். எதிர்ப்பே இல்லை. அவருக்கு அதைப் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலவே இருக்கிறது என்று தோன்றியது.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காலை 11.35.

எல்லோரும் வகுப்பறையில் கூடினார்கள். நிர்வாகி முன்கூட்டியே நர்ஸைப் பார்த்து முறைக்கத் தொடங்கியிருந்தார்.

"சிஸ்டர்தான்னு தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கிட்டா மரியாதை," என்றார்.

நர்ஸ் எழுந்து நின்றார். "நான் எடுக்கல. வேணும்னா வேற தாள்லேருந்து கேளுங்க, இப்பவே சொல்றேன்."

ஆசிரியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். மறுபடி திறந்தார். மறுபடி குடித்தார். பாட்டில் காலியாயிற்று.

"உட்காருங்க சிஸ்டர்," என்றார் இன்ஸ்பெக்டர். "எல்லாரும் உட்காருங்க. நான் ஒருத்தி நிக்கிறதே போதும்." என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல புள்ளி. பரீட்சையில ஜெயிக்கணும்னு கேள்வித்தாளைத் திருடறவங்க முப்பதையும் எழுதிக்கிட்டுப் போவாங்க. இல்ல, போட்டோ எடுப்பாங்க. இங்க அப்படி நடக்கல. ஒன்பது சொல்லுக்குப் பக்கத்துல மட்டும் புள்ளி. அதுவும் சொல்லு மேல இல்ல, பக்கத்துல. சலவைக்குத் துணி போடறப்போ எண்ணுவோமே, அந்த மாதிரி. வந்தவருக்கு விடை வேணாம். அந்த வகை எத்தனை இருக்குன்னு மட்டும் தெரியணும்."

"அதான் சிஸ்டர்..." என்றார் நிர்வாகி.

"சிஸ்டருக்கு எது சரின்னே தெரியாது. தெரிஞ்சா கேட்டிருக்க மாட்டாங்க. முப்பது சொல்லுல எது நாலாவது, எது மூணாவதுன்னு பிரிச்சு ஒன்பதையும் தப்பில்லாம பொறுக்கணும்னா, யாரோ உட்கார்ந்து அகராதியைப் புரட்டி, ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்கணும். அது சந்தேகம் இருக்கறவங்க வேலையில்ல. பயம் வந்தவங்க வேலை."

தம்பி மெதுவாகத் தன் நாற்காலியை அறையின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினான். அவனுக்குப் பயம் எதுவும் இல்லை. பழக்கம்.

"அடுத்தது ரப்பர் பேண்டு. எல்லாரோடதையும் மேசை மேல வைங்க."

வைத்தார்கள். தம்பியுடையது விறைப்பாக நின்றது. பேக்கரிக்காரருடையது கொஞ்சம் சாய்ந்தது. நர்ஸுடையது நன்றாகப் படுத்தது. இன்ஸ்பெக்டர் நான்காவதாகக் கவரிலிருந்து எடுத்ததை வைத்தார். அது படுத்தது என்று சொல்ல முடியாது. சிந்தியது.

"ஒரே பாக்கெட். ஒரே நாள் வாங்கினது. இருக்கறதுலயே அதிகம் இழுத்த மாணவி சிஸ்டர். அவங்களோடதைவிட இது ரெண்டு மடங்கு தளர்ந்திருக்கு. பாக்கெட்லேருந்து புதுசா எடுத்தது இப்படி ஆகாது. அப்ப சிஸ்டரைவிட அதிகம் இழுத்தது யாரு?"

பேக்கரிக்காரர் மேசைப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"நிர்வாகி சார், நீங்க ஆறு ரப்பர் பேண்டையும் கணக்குப் பண்ணினீங்க. மாடியில இருந்தது மூணு பேருன்னு சொன்னீங்க. கரும்பலகை எத்தனைன்னு கேட்டா அதைக்கூட ஒண்ணுன்னு சொல்லியிருப்பீங்க. ஒரு ஆளை மட்டும் எண்ண மறந்துட்டீங்க." ஆசிரியர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க வகுப்புல எதை இழுத்துக் காட்டுவீங்க?"

ஆசிரியர் காலி பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாணவர் ஒரு தரம் இழுத்தா நீங்க கூட ஒரு தரம். மூணு பேருக்கு மூணு தரம். மொதல்ல காட்டறதுக்கு ஒரு தரம். மூணு மாசம். காலையில உங்க கை சட்டைப் பைக்குள்ள போயி, காலியா வந்தது. சிஸ்டரோடதை வாங்கி மாட்டினீங்க. அது என் டீக்குள்ள விழுந்தப்போ டைட்டா இருக்குன்னு சொன்னீங்க. இந்த அறையில இருக்கற மாணவர்கள்லயே ரொம்பத் தளர்ந்த ரப்பர் பேண்டு அது. அதையே டைட்டுன்னு சொல்ற விரல் இந்த நாலாவதுக்குப் பழகின விரல்."

ஆசிரியர் காலி பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"சாக்பீஸ் எடுக்கத்தான் போனேன்," என்றார் ஆசிரியர். "நிஜமாவே சாக்பீஸுக்குத்தான். காலண்டர் எதிர்லயே இருந்தது."

அவர் நர்ஸைப் பார்க்காமல் சொன்னார்.

"பேச்சு வழக்குன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனேன். மனசு கேட்கல. அகராதியைப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதுதான் சரி. எனக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லித் தந்தாங்க, மூணாவதுன்னு. நானும் அதை வெச்சே பதினோரு வருஷம் ஓட்டிட்டேன். நான் அந்த நாட்டை மேப்புலதான் பார்த்திருக்கேன். பரீட்சையில அந்த வகை வரலேன்னா சொல்லாமலே விட்டுடலாம்னு நினைச்சேன். ஒண்ணோ ரெண்டோ இருந்தாகூடப் பரவாயில்லைன்னு நினைச்சேன். எண்ணினேன். ஒன்பது." நிறுத்தினார். "மூடறப்போ சிவப்பு ரப்பர் பேண்டு அறுந்துபோச்சு. படியில காலடிச் சத்தம். கையில இருந்ததைப் போட்டுட்டேன். காலையில கதவைத் திறந்ததும் மாத்திடலாம்னு வந்தேன். இவர் அதுக்குள்ள பீரோவைத் திறந்துட்டார். வருஷம் பூரா பத்து மணிக்கு வர்றவர், இன்னைக்கு ஒன்பதுக்கு வந்திருக்கார்."

"பரீட்சை நாளாச்சே," என்றார் நிர்வாகி, தன் தப்பு போல.

"ராத்திரியே எங்களுக்கு போன் பண்ணி சொல்லியிருக்கலாமே சார்," என்றார் நர்ஸ்.

"எப்படிம்மா சொல்றது? எத்தனை பேரை அனுப்பியிருக்கேன். அங்க போயி எல்லாரும் தப்பு தப்பா போன் பண்ணிக்கிட்டிருப்பாங்க."

"அங்க இருக்கறவங்க சிரிச்சிட்டுத் திருத்தியிருப்பாங்க சார்," என்றார் பேக்கரிக்காரர். "என் மச்சான் ரொட்டியோட பேரையே தப்பா சொல்றான். வியாபாரம் நல்லாத்தான் போகுது."

தேர்வாளர் பெட்டியைத் திறந்து இன்னொரு கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். "மாணவர்கள் பார்க்கல. எனக்கு அது போதும். இது வேற தாள். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இதுலயும் அந்த வகை இருக்கும். பன்னெண்டு அடிச்சதும் ஆரம்பிக்கணும்." நர்ஸைப் பார்த்தார். "தப்பா படிச்சதுக்குச் சலுகை கிடையாதும்மா."

மணி 11.46.

ஆசிரியர் எழுந்தார். "மேடம், பதினாலு நிமிஷம் குடுங்க. அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

இன்ஸ்பெக்டர் கையை அசைத்தார். எப்படியும் அவருக்கும் பதினான்கு நிமிடம் உட்கார வேண்டியிருந்தது.

ஆசிரியரின் கை பழக்கத்தில் மேசைக்குப் போயிற்று. அங்கே கிடந்த தொளதொளத்த நீல ரப்பர் பேண்டை இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே ஒரு காகித உறைக்குள் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அது இப்போது சாட்சி. கை பாதியில் நின்றது.

"சார், என்னோடது புதுசு," என்றான் தம்பி. "ஒரு தடவைகூட யூஸ் பண்ணல." அதை அவன் பெருமையாகவே சொன்னான்.

ஆசிரியர் வாங்கி மாட்டினார். விறைப்பாக இருந்தது. வெள்ளைத் தூள் விரலில் ஒட்டியது. "தெ," என்றார். "லெ," என்று இழுத்தார். இந்த முறை ரப்பர் பேண்டு விரலை விட்டுத் தாவவில்லை.

"தெ, லெ," என்றார்கள் மூவரும்.

"ஃபோ-வுல கை வைக்காதீங்க. நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் வைக்காதீங்க."

பதினான்கு நிமிடத்தில் பதினோரு வருடத்தைத் திருத்த முடியாது. எட்டுச் சொற்கள் வரை போனார்கள்.

மதியம் 12.00.

கதவு சாத்தப்பட்டது. முதலில் பேக்கரிக்காரர், பிறகு தம்பி, கடைசியாக நர்ஸ். வராந்தாவில் நிர்வாகி, ஆசிரியர், இன்ஸ்பெக்டர். தம்பி நான்கு நிமிடத்தில் வெளியே வந்தான். எப்படி இருந்தது என்று மாமா கேட்டதற்கு, "தாள் நல்லா இருந்தது மாமா," என்றான்.

நர்ஸ் உள்ளே போய் வெகு நேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டரின் கைப்பேசி அடித்தது. அணைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் காதை வைத்தார். அவருக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் குரல் ஓரிடத்தில் ஏறி இறங்குவது கேட்டது. மூன்றாவது, மூன்றாவது, இரண்டாவது, மூன்றாவது. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. தி... மென்... தி-க-னோ. 'மென்' என்ற இடத்தில் குரல் அகலமாக விரிந்தது. கடைசியிலிருந்து எண்ணிப் பார்த்தார். நான்கு.

ஆசிரியர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "மறக்கிறார்கள்," என்று மெல்ல மொழிபெயர்த்தார். யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

12.20க்குக் கதவு திறந்தது. தேர்வாளர் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். "கடைசியில வந்தவங்க ரெண்டு இடத்துல விட்டாங்க. ரெண்டும் வேற வகை. சான்றிதழ் வெள்ளிக்கிழமை அனுப்பிடறேன்," என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டு, ரயிலை நினைத்துப் படியிறங்கினார்.

நர்ஸ் பின்னால் வந்தார். நீல ரப்பர் பேண்டு மறுபடி மணிக்கட்டில் இருந்தது. ஆசிரியர் பாஸா என்று கேட்கவில்லை. "அந்த வகை எத்தனை வந்தது?" என்றார்.

"அஞ்சு சார்."

"அஞ்சும்?"

"அஞ்சும்."

ஆசிரியர் தலையாட்டினார். தம்பியின் ரப்பர் பேண்டைக் கட்டைவிரலிலிருந்து கழற்றி அவனிடம் நீட்டினார். "இருக்கட்டும் சார், வெச்சுக்குங்க," என்றான் தம்பி. அவனுக்கு அது மறுபடி தேவைப்படப் போவதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

"நாளையிலேருந்து..." என்று நிர்வாகி ஆரம்பித்தார். எப்படி முடிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அடுத்த வகுப்புக்கு இருபது நாள் இருந்தது. வேறு ஆசிரியரும் இல்லை.

"வாங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷன்ல உட்கார்ந்து எழுதுவோம். அங்க சாயற மாதிரி நாற்காலி ஒண்ணு இருக்கு. அது எனக்கு."

இருவரும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆசிரியர் பிடிக்காமல். முப்பத்து மூன்றாவது படியில் ஆசிரியரின் கால் தானாக அழுந்தி நின்றது.

இன்ஸ்பெக்டர் கீழே எட்டிப் பார்த்தார். அந்தப் படியையும் சேர்த்துத் தரைக்கு நான்கு படி.

"சரியான இடந்தான் சார். வாங்க," என்றார்.